குனிஞ்சா நிமிர முடியலையா? தோட்டம், வயல் வேலையில் வரும் இடுப்பு வலி: தடுப்பது எப்படி, வந்தால் என்ன செய்வது? முழு விவரம்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ராஜகிரி மலை ஏறி இறங்குபவர்கள் கால் வலியோடு ஊருக்குத் திரும்புகிறார்கள். இரண்டு நாளில் அந்த வலி போய்விடும்.

ஆனால் அதே மலை மேலிருந்து கீழே பார்த்தால் தெரியும் வயல்களிலும் கொல்லைகளிலும் குனிந்து நிற்பவர்களின் வலி அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. "குறுக்கு புடிச்சிக்கிச்சு", "இடுப்பு விட்டுப்போச்சு", "குனிஞ்சா நிமிர முடியல". நடவு, களை, மல்லாட்டை அறுவடை சீசனில் இந்த வார்த்தைகளைக் கேட்காத வீடு இந்தப் பக்கம் குறைவு. வயலுக்குப் போகாமல் மாடியில் பத்துப் பை வைத்து கத்தரி, தக்காளி வளர்ப்பவர்களுக்கும் இதே கதைதான்.

"வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலான தோட்ட வேலை இடுப்பு வலிக்கு வயதைவிட முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, கையில் இருக்கும் கருவியின் காம்பு எவ்வளவு நீளம் என்பது. இன்னொன்று, நிமிராமல் எவ்வளவு நேரம் குனிந்திருக்கிறோம் என்பது. இரண்டையும் பெரிய செலவில்லாமல் மாற்றலாம். எப்படி? பார்க்கலாம்.

சுருக்கமாக

* நீண்ட நேரம் குனிந்தே இருப்பதும், குனிந்தபடி பாரம் தூக்குவதும்தான் முக்கியக் காரணங்கள்.
* காம்பு நீளமான கருவி, அடிக்கடி நிமிர்வது, பாரத்தைப் பாதியாக்குவது: தடுக்க இந்த மூன்றும் போதும்.
* வலி வந்தால் படுத்தே கிடக்கக் கூடாது. மெதுவாக நடமாட வேண்டும்.
* மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை நாள் கணக்கில் போடக் கூடாது.
* சிறுநீர் வராமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலம் இழப்பது ஆகியவை அவசர அறிகுறிகள். உடனே மருத்துவமனை போக வேண்டும்.

செஞ்சிப் பக்கம் எந்த வேலையில் இந்த வலி வருது?

செஞ்சி நெல்லுக்குப் பெயர் போன ஊர். கோட்டைக்குள்ளேயே நெற்களஞ்சியம் உண்டு. இன்றைக்கும் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சீசன் நேரத்தில் ஆயிரக்கணக்கான மூட்டைகள் வந்து குவியும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் மாறி மாறி வருவதால் நடவும் களையும் வருடத்தில் ஒரு தடவையோடு முடிவதில்லை. இதோடு மல்லாட்டை, உளுந்து, கரும்பு, காய்கறி வேலைகளும் உண்டு.

இதில் இடுப்பை வாங்கும் வேலைகள் எவை?

* நாற்று பறிப்பு, நடவு: சேற்றில் கால் புதைந்த நிலையில், குனிந்தபடியே பின்பக்கமாக நடக்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை.
* களை எடுப்பது: ஒரு கை நீளம்கூட இல்லாத காம்பு வைத்த களைக்கொத்து. நின்றுகொண்டு இதைப் பிடிக்கவே முடியாது.
* மல்லாட்டை பிடுங்குவது: குனிந்து இழுப்பது, திரும்பிப் போடுவது என இரண்டும் சேர்ந்த வேலை. இடுப்பு வளைந்தபடியே திரும்புவதால் ஆபத்து அதிகம்.
* மண்வெட்டி வேலை: வரப்பு வெட்டுவது, பாத்தி கட்டுவது, அண்டை கழிப்பது.
* மூட்டை தூக்குவது: நெல் மூட்டைக்கு 75 கிலோ என்று கணக்கு வைக்கும் பகுதி இது.
* மருந்து அடிப்பது: முதுகில் மாட்டும் 16 லிட்டர் டேங்க் நிரம்பினால் மருந்துத் தண்ணீரே 16 கிலோ. டேங்கின் எடை தனி.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நடவை ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக் கூட்டமாக இறங்கும்போது, யார் நிமிர்ந்தாலும் வேலை பின்தங்கும். பக்கத்தில் இருப்பவர் முன்னால் போய்விடுவார். அதனால் வலித்தாலும் நிமிராமல் நடுவதுதான் பழக்கமாகிவிட்டது. அடுத்த நாள் வேலைக்குப் போக முடியாவிட்டால் அன்றைய கூலி போச்சு. "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்ற ஒற்றை வரி ஆலோசனை இவர்களுக்குப் பயன்படாததற்கு இதுதான் காரணம்.

குனியும்போது முதுகுக்குள் என்ன நடக்குது?

நம் முதுகெலும்பின் கீழ்ப் பகுதியில், அதாவது இடுப்புப் பகுதியில், ஐந்து எலும்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்கும். இதைத்தான் டிஸ்க் என்கிறார்கள். எலும்புகளைப் பிடித்துக் கட்டிவைக்கும் தசைநார்களும், பின்னால் இருந்து தாங்கும் தசைகளும் உண்டு.

ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், 1960-களில் தொடங்கி, உயிருள்ள மனிதர்களின் டிஸ்க்குக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்கும்போது இருக்கும் அழுத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், முன்பக்கம் குனிந்து நிற்கும்போது அது சுமார் 150. குனிந்தபடி 20 கிலோவைப் பிடித்திருந்தால் சுமார் 220. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்.

சும்மா ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தால் ஒன்றும் ஆகாது. முதுகு வளைவதற்காகவே உருவானது. பிரச்னை நேரத்தில்தான் இருக்கிறது. முழுசாகக் குனிந்து அப்படியே நின்றால், கொஞ்ச நேரத்தில் முதுகுத் தசைகள் வேலையைக் குறைத்துக்கொள்ளும். பாரம் தசைநார்கள் மேல் இறங்கும். ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்தால் தொய்ந்துபோவது போல அவையும் மெல்ல நீளும். நிமிர்ந்த உடனே அவை பழைய நிலைக்கு வந்துவிடாது, நேரம் எடுக்கும்.

இதனால்தான் ஒரு மணி நேரம் களை எடுத்துவிட்டு, எழுந்த கையோடு தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது "சடக்"கென்று பிடித்துக்கொள்கிறது. குடம் கனமாக இருந்ததால் மட்டும் வந்த வலி அல்ல இது. அதற்கு முன்னால் குனிந்திருந்த ஒரு மணி நேரமும் சேர்ந்துதான் காரணம்.

காலையில் எழுந்ததும் குனியக் கூடாதா?

இரவு படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். காலையில் நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் உயரமாக இருப்பதற்கு இதுதான் காரணம். உப்பிய டிஸ்க்கை முழுசாக வளைத்தால் அதன் மேல் அழுத்தம் அதிகமாகும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? எழுந்ததும் முதல் வேலை குட்டைத் துடைப்பத்தில் வாசல் பெருக்குவது, குனிந்து கோலம் போடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. ஏற்கெனவே இடுப்பு வலி இருப்பவர்கள் எழுந்தவுடன் முதல் இரண்டு மணி நேரம் ஆழமாகக் குனியும் வேலையைத் தள்ளிவைத்தால் வலி குறைவதாக 1998-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வாசல் பெருக்க நீளக் குச்சி கட்டிய துடைப்பம், கோலத்துக்குக் குந்தி உட்காருவது, சமையலையும் நின்று செய்யும் வேலைகளையும் முதலில் முடிப்பது. இவ்வளவு செய்தாலே வித்தியாசம் தெரியும்.

கருவியின் பிடியே வழக்கான கதை

காம்பு நீளம் அவ்வளவு பெரிய விஷயமா என்று தோன்றலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் இது உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம்.

அங்கே கீரை, பீட் போன்ற பயிர்களில் களை எடுக்கவும் கலைத்து விடவும் குட்டைப் பிடி வைத்த ஒரு கொத்தைக் கொடுத்தார்கள். மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட கூலித் தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் எல் கொர்ட்டிட்டோ. அர்த்தம்: குட்டையன். நாள் முழுக்கக் குனிந்தே வேலை பார்த்தவர்களின் முதுகு இளம் வயதிலேயே பாழானது. விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸும் அந்தக் கொத்தைப் பிடித்து வேலை பார்த்தவர்தான். அவருக்கும் முதுகு வலி கடைசி வரை இருந்தது.

பண்ணை முதலாளிகள் சொன்ன காரணம்: "நீளப் பிடி கொடுத்தால் பயிரையும் சேர்த்து வெட்டிடுவாங்க." தொழிலாளர்கள் தரப்பு சொன்னது வேறு. குட்டைப் பிடி இருந்தால் யார் நிமிர்ந்து நிற்கிறார்கள், யார் வேலை செய்யவில்லை என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரியும், அதற்காகத்தான் அதை விடமாட்டேன் என்கிறார்கள் என்றனர். மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். 1975-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தொழிலாளர்கள் பக்கம் நின்றது. அந்த ஆண்டே குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. 2004-ல் கருவியே இல்லாமல் வெறுங்கையால் குனிந்து களை பறிப்பதற்கும் அங்கே கட்டுப்பாடு வந்தது.

அங்கே விவசாயம் நின்றுவிடவில்லை. நீளப் பிடி வைத்த கொத்துக்குத் தொழிலாளர்கள் பழகிக்கொண்டார்கள். நம் ஊரில் இதற்குத் தடையோ சட்டமோ இல்லை. ஆனால் காம்பை மாற்ற சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லையே?

நம்ம ஊர்ல என்ன கருவி மாத்தலாம்?

நீளக் காம்பு களைக்கொத்து: இருக்கும் களைக்கொத்தின் இரும்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். நீங்கள் நிமிர்ந்து நின்றால் நெஞ்சு உயரம் வரும் அளவுக்கு மூங்கிலோ மரமோ போட்டுத் தரச் சொல்லுங்கள். வெட்டும் பக்கத்தின் கோணத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும், அது பட்டறைக்காரருக்குத் தெரியும். கத்தரி, மிளகாய், வெண்டை, கரும்பு மாதிரி வரிசையில் நட்ட பயிர்களுக்கு இது சரியாக வரும். நெருக்கமாகத் தூவி விதைத்த இடத்தில் பயிரும் சேர்ந்து வெட்டுப்படலாம். அங்கே குந்தி உட்கார்ந்து எடுப்பது நல்லது.

கோனோ வீடர் (உருளைக் களைக்கருவி): நெல் வயலில் நின்றபடி தள்ளும் கருவி. இதற்கு வரிசை நடவு அவசியம். செம்மை நெல் சாகுபடி முறையில் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடச் சொல்வதற்கு இந்தக் கருவி ஓட இடம் வேண்டும் என்பதும் ஒரு காரணம். வயலில் லேசாகத் தண்ணீர் இருக்க வேண்டும். இழுத்துத் தள்ளுவதில் தோளும் கையும் வலிக்கும் என்பதால் ஆள் மாற்றி மாற்றி ஓட்டலாம்.

மண்வெட்டி: காம்பு குட்டையாக இருந்தால் குனிவது கூடும். உயரமானவரும் குள்ளமானவரும் ஒரே மண்வெட்டியைப் பிடித்தால் ஒருவருக்காவது இடுப்பு போகும். வீட்டில் இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு அளவில் வைத்துக்கொள்ளுங்கள். வாயைத் தீட்டி வைத்துக்கொள்வதும் முக்கியம். மழுங்கிய மண்வெட்டிக்கு இரண்டு மடங்கு பலம் போட வேண்டும்.

இயந்திரங்கள்: நடவு இயந்திரம், பவர் வீடர் போன்றவற்றை வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் வாடகைக்கு எடுக்கலாம். விவரங்கள் தமிழக அரசின் உழவன் செயலியில் கிடைக்கும். திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். ஆனால் இயந்திரம் வந்தால் நடவுக் கூலி குறையும் என்பதும் உண்மை. அதனால் கூலிக்குப் போகிறவர்களுக்கு முதலில் தேவை நல்ல கைக்கருவியும் நிமிர நேரமும்தான்.

குனியாமல் செய்யவே முடியாத வேலைக்கு?

நடவை நின்றுகொண்டு செய்ய முடியாது. அதற்கு ஒரே வழி, அடிக்கடி நிமிர்வது. கையில் கடிகாரம் பார்க்க முடியாத வேலை என்பதால் ஒரு எளிய கணக்கு: ஒரு முடி நாற்று தீர்ந்தால், ஒரு தடவை நிமிர வேண்டும்.

நிமிர்ந்து, கால்களைக் கொஞ்சம் அகட்டி, இரண்டு கையையும் இடுப்பின் பின்பக்கம் வைத்து, மெதுவாகப் பின்னால் ஐந்து தடவை வளையுங்கள். அரை நிமிஷம்கூட ஆகாது. தொய்ந்துபோன தசைநார்கள் திரும்ப இது நேரம் கொடுக்கும். இதைத் தனியாகச் செய்தால் பின்தங்குவீர்கள். கூட்டமாக முடிவு செய்தால் யாரும் பின்தங்க மாட்டார்கள். வேலை கொடுப்பவருக்கும் நஷ்டம் இல்லை, மதியத்துக்கு மேல் வேகம் குறையாமல் இருக்கும்.

கூடவே கவனிக்க வேண்டியவை:

* நடவு நடுபவர், நாற்று முடி எடுத்துப் போடுபவர், பறிப்பவர் என்று வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஆள் நாள் முழுக்க ஒரே நிலையில் இருக்கக் கூடாது.
* முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே குனியுங்கள். முதுகை வில் மாதிரி வளைக்காமல், தொடை சேரும் இடத்திலிருந்து குனியப் பாருங்கள்.
* களை எடுக்கும்போது ஒரு முழங்கையைத் தொடை மேல் ஊன்றிக்கொண்டால் முதுகின் பாரம் குறையும்.
* மல்லாட்டை ஆயும்போது வெறும் தரையில் காலை நீட்டி வளைந்து உட்காராமல், மணைக்கட்டையோ மடித்த சாக்கோ போட்டு உட்காருங்கள். செடியைத் தரையில் போடாமல் மடி உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.
* குனிந்த வேலை முடிந்த உடனே பாரம் தூக்காதீர்கள். இரண்டு, மூன்று நிமிஷம் நடந்துவிட்டுத் தூக்குங்கள்.
* தண்ணீர் குடியுங்கள். ஒதுங்க இடமில்லை என்பதற்காகப் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருப்பது வழக்கம். இது சிறுநீர்த் தொற்றையும் கல்லையும் கொண்டுவரும், அந்த வலியும் இடுப்பில்தான் தெரியும்.

எவ்வளவு பாரம் தூக்கலாம்?

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாம் சரியாக அமைந்த நிலையில்கூட ஒருவர் தூக்கும் பாரத்துக்கு 23 கிலோவைத்தான் அளவாக வைத்திருக்கிறது. நம் ஊர் யூரியா மூட்டை 45 கிலோ. நெல் மூட்டை அதற்கும் மேல்.

அதனால் மூட்டையை ஒருவர் மட்டும் தரையிலிருந்து தூக்கவே கூடாது. இரண்டு பேர் பிடித்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள், அங்கிருந்து தோளுக்கு மாற்றுங்கள். உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். கை நீட்டித் தூக்கும் 10 கிலோ, நெஞ்சோடு அணைத்த 20 கிலோவைவிட முதுகைப் படுத்தும். திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். மருந்து டேங்கை 16 லிட்டர் நிரப்பாமல் 10 லிட்டரோடு நிறுத்தி, உயரமான திட்டில் வைத்து முதுகில் மாட்டுங்கள்.

மாடித் தோட்டக்காரர்களுக்கு

* செடிப் பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் அடுக்கியோ பலகை போட்டோ முட்டி உயரத்துக்கு மேல் வையுங்கள்.
* ஒரு பெரிய வாளி வேண்டாம். இரண்டு கையிலும் பாதி வாளி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறக்காதீர்கள். டியூப் இழுத்தால் இன்னும் நல்லது.
* மண் கலவையைத் தரையில் குனிந்து கலக்காமல், மேசை மேல் வைத்துக் கலக்குங்கள்.
* ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் மூன்று மணி நேரம் செய்வதைவிட, தினமும் 20 நிமிஷம் செய்யுங்கள். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்த முதுகு, திடீரென்று மூன்று மணி நேரம் குனிந்தால் தாங்காது.

வலி வந்துடுச்சு. முதல் மூன்று நாள் என்ன செய்யணும்?

முதலில் பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. இதில் பத்தில் ஒன்பது பேருக்கு எலும்பு முறிவு, கட்டி, தொற்று என்று குறிப்பிட்ட நோய் எதுவும் இருக்காது. புதிதாக வரும் வலி பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடும்.

* படுத்தே கிடக்காதீர்கள். முதல் நாள் தாங்க முடியாவிட்டால் கொஞ்ச நேரம் படுக்கலாம். மல்லாந்து படுத்து முட்டிக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். ஆனால் மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நடங்கள். நாள் கணக்கில் படுத்தால் தசை பலமிழந்து, குணமாவது தள்ளிப்போகும்.
* வெந்நீர் ஒத்தடம் 15 முதல் 20 நிமிஷம் கொடுக்கலாம். உப்பு, தவிடு வறுத்துத் துணியில் கட்டிக் கொடுப்பதும் இதே பலன்தான். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூட்டை இன்னொருவர் தொட்டுப் பார்த்த பிறகு வையுங்கள், தோல் வெந்துபோக வாய்ப்பு உண்டு.
* வேலையை விடாமல் மாற்றுங்கள். முடிந்தவரை சில நாட்களுக்கு நடவு, களை, மூட்டை வேண்டாம். நின்று செய்யும் வேலை, நடந்து தண்ணீர் பாய்ச்சுவது, காவல், காய வைத்ததைக் கிளறுவது மாதிரி வேலை கிடைத்தால் செய்யலாம். கூலி முழுசாகப் போகாமல் இருக்கவும் இது உதவும்.

மாத்திரை, ஊசி போடலாமா?

"மெடிக்கல்ல ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டா மதியமே வேலைக்குப் போயிடலாம்." இதுதான் இந்தப் பகுதியில் பலரும் செய்வது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் மருத்துவர் சொல்லி, சாப்பிட்ட பிறகு, சில நாட்களுக்கு எடுத்தால் பலன் தரும்.

ஆனால் வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர் இதே மாத்திரையை வாரக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வயிற்றில் புண், ரத்தக்கசிவு வரலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பெயர் இல்லாமல் பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது வலியைச் சட்டென்று மறைத்துவிட்டு, எலும்பை வலுவிழக்கச் செய்யும்.

வலி மறைந்தால் காரணம் மறைந்துவிட்டதாக அர்த்தமில்லை. மரத்துப்போன இடுப்போடு மறுபடி நாள் முழுக்கக் குனிந்தால் பாதிப்பு கூடும்.

உருவி விடுவது, மிதிக்கச் சொல்வது, பெல்ட் சரியா?

மெதுவாக எண்ணெய் தேய்த்து விடுவதில் தவறில்லை, ஆறுதலாக இருக்கும். ஆனால் காலால் பிறந்தவரை வரவழைத்து இடுப்பில் மிதிக்கச் சொல்வது, முறுக்கிச் சொடக்கு எடுப்பது ஆகியவை வேண்டாம். எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்கு முறிவே வரலாம். காலுக்கு இறங்கும் வலி உள்ளவர்களுக்கு நரம்பு நசுங்கலாம்.

நீண்ட நாள் இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய புரிதல் ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. பெல்ட் வாங்கும் காசுக்கு நல்ல காம்பு போட்டுக்கொள்ளலாம்.

ஸ்கேன் எடுத்தே ஆகணுமா?

அவசர அறிகுறிகள் இல்லாவிட்டால் முதல் சில வாரங்களுக்குத் தேவையில்லை. ஸ்கேனில் "ஜவ்வு விலகியிருக்கு", "தேய்மானம் இருக்கு" என்று வந்தால் பலர் பயந்து வேலையையே விட்டுவிடுகிறார்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. வலி இல்லாத முதுகிலும் இது இருக்கும் என்பதால், ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு எடுக்கக் கூடாது.

வலி குறைந்த பிறகு: வீட்டிலேயே நான்கு பயிற்சிகள்

* முழங்கை ஊன்றல்: குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி ஒரு நிமிஷம் இருங்கள். நாள் முழுக்கக் குனிந்ததற்கு எதிர்ப் பயிற்சி இது. கால் வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.
* பாலம்: மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மெதுவாகத் தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள். பத்து தடவை.
* எதிர்க் கை, எதிர்க் கால்: தவழும் நிலையில் வலது கையையும் இடது காலையும் நீட்டி ஐந்து எண்ணுங்கள். பிறகு மாற்றுங்கள். பக்கத்துக்கு ஐந்து தடவை.
* நடை: தினமும் 20 முதல் 30 நிமிஷம், கையை வீசி.

வலி முழுசாகப் போனதும் இதை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. வாரத்தில் மூன்று நாளாவது தொடர்ந்தால்தான் அடுத்த சீசனுக்கு இடுப்பு தயாராக இருக்கும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்

* சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது சிறுநீர், மலம் தெரியாமல் வெளியேறுவது
* பிறப்புறுப்பு, ஆசனவாய், தொடையின் உள்பக்கம் மரத்துப்போவது
* காலில் பலம் குறைவது, நடக்கும்போது செருப்பு தானாக நழுவுவது

இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். மணிக்கணக்கில் தாமதித்தால்கூட நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம்.

கீழே உள்ளவை இருந்தால் ஓரிரு நாளில் மருத்துவரைப் பாருங்கள்:

* இடுப்பு வலியோடு காய்ச்சல், எடை குறைவது, இரவில் படுத்தாலும் குறையாத வலி (முதுகெலும்பில் காசநோய் வந்தாலும் இப்படி இருக்கும்)
* கீழே விழுந்த பிறகு வந்த வலி, அல்லது புற்றுநோய் சிகிச்சை எடுத்தவர்களுக்கு வரும் வலி
* ஒரு பக்க விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, சிறுநீர்க் கடுப்பு
* பெண்களுக்கு அடிவயிற்று வலி, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதலும் சேர்ந்து இருந்தால்
* ஆறு வாரம் ஆகியும் குறையாத வலி

எங்கே போகலாம்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், அல்லது செஞ்சி அரசு மருத்துவமனை. மேல்சிகிச்சைக்கு முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) அளிக்கும் வசதியும் உண்டு. நடமாட முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் உங்கள் ஊர் சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள். சந்தேகங்களுக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

கடைசியாக...

வீட்டில் அம்மாவோ பாட்டியோ "இடுப்பு வலிக்குது" என்று சொன்னால், மாத்திரை வாங்கப் போவதற்கு முன்னால் அவர் பிடிக்கும் களைக்கொத்தை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். அதை வைத்து உங்களால் நிமிர்ந்து நின்று தரையைத் தொட முடிகிறதா? முடியாவிட்டால், அடுத்த களை வருவதற்குள் பட்டறைக்குப் போய் அந்தக் காம்பை மாற்றிவிடுங்கள்.